யோப்பாவின் அஜமி: சேர்ந்து வாழ்தலின் வரலாறு

சில ஆண்டுகளுக்கு முன்பு, மொழிபெயர்ப்பு இலக்கியத் தாளுக்காக முதுகலை வகுப்பில் கஸ்ஸான் கனஃபானியின் 'துயர ஆரஞ்சுகளின் நிலம்' சிறுகதையைப் பாடம் நடத்திக் கொண்டிருந்தேன். 1948இல் யாஃபா நகரைவிட்டு வெளியேறும் ஒரு பாலஸ்தீனக் குடும்பத்தின் கதை அது. பாடம் முடிந்ததும் பின்வரிசையிலிருந்த மாணவி ஒருத்தி எழுந்து, "ஐயா, அவங்க விட்டுட்டுப் போன வீடு இப்ப யார்கிட்ட இருக்கு?" என்று கேட்டாள். கதையின் உத்தி, குழந்தையின் நோக்கில் சொல்லப்படும் தன்மை என்றெல்லாம் கேள்விகளை எதிர்பார்த்திருந்த நான் சற்றுத் தடுமாறினேன். "அந்தப் பகுதியில் இப்போது யூதர்களும் அராபியர்களும் சேர்ந்து வாழ்கிறார்கள்" என்று சொல்லிவிட்டு வருகைப் பதிவேட்டை எடுத்துக் கொண்டேன்.

நான் சொன்னதில் பிழையில்லை. ஆனால் அது விடையும் இல்லை. 'சேர்ந்து வாழ்கிறார்கள்' என்ற இரு சொற்களால் ஒரு கேள்வியை மூடிவிட்டேன் என்பது வீடு திரும்பும் வழியில் உறுத்தியது. அந்த உறுத்தலில் தொடங்கிய வாசிப்பின் விளைவே இக்கட்டுரை. யாஃபா நகரின் தெற்கே, கடலை ஒட்டிய மேட்டில் அமைந்திருக்கும் அஜமி என்னும் சிறு குடியிருப்பே இதன் களம்.

பெயர்கள்

யாஃபாவைத் தமிழர் பலர் வேறொரு பெயரில் அறிவர். தமிழ் விவிலியம் அதனை 'யோப்பா' என்கிறது. கடவுளின் கட்டளைக்குத் தப்பி ஓடிய யோனா கப்பலேறிய துறைமுகம் அதுவே. பேதுரு தபீத்தாளை உயிர்ப்பித்ததும், தோல் பதனிடும் சீமோனின் கடற்கரை வீட்டில் தங்கியதும் அவ்வூரில்தான். 1863இல் ஸ்காட்லாந்துப் பெண்மணி ஒருவர் அங்கே தொடங்கிய பள்ளிக்குத் தபீத்தாளின் பெயரையே இட்டார். அஜமியை ஒட்டிய தெருவில் அப்பள்ளி இன்றும் இயங்குகிறது.

அஜமி என்ற பெயரிலும் ஒரு முரண் உண்டு. 'அஜம்' என்னும் அரபுச் சொல் அரபு பேசாதோரை, குறிப்பாகப் பாரசீகரைக் குறிப்பது. அங்கே அடக்கமாகியிருக்கும் ஷேக் இப்ராஹீம் அல்-அஜமி என்ற இறைநேசரின் பெயரால் அப்பகுதி வழங்கலாயிற்று. ஆக, இன்று 'அரபுக் குடியிருப்பு' என்று சுட்டப்படும் இடத்தின் பெயருக்கே 'அந்நியன்' என்ற பொருள் உண்டு. யார் மண்ணின் மைந்தர், யார் வந்தேறி என்ற வழக்கு ஓயாத ஒரு நிலத்தில் இது நினைவில் கொள்ளத்தக்கது.

ஆரஞ்சு

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் யாஃபா கோட்டைச் சுவருக்குள் அடங்க மறுத்து வளர்ந்தது. சுவர்கள் இடிக்கப்பட்டன. தெற்கே அஜமி எழுந்தது. வசதி படைத்த மரோனைட் கிறித்தவக் குடும்பங்களே அங்கு முதலில் வீடுகட்டிக் குடியேறியவை. பிறகு முஸ்லிம் வணிகர்களும் வந்தனர். உயர்ந்த கூரையும் வளைவுச் சாளரங்களும் வண்ண ஓடு பதித்த தரையுமாக, கடலைப் பார்த்த வீடுகள். அதே காலத்தில் வடக்கே, நகருக்கு வெளியே, 1887இல் நெவே ட்செடெக் என்ற யூதக் குடியிருப்பு தோன்றியது. 1909இல் மணல்மேடுகளின்மேல் டெல் அவீவுக்கு அடித்தளம் இடப்பட்டது. யாஃபாவின் புறநகராகப் பிறந்த டெல் அவீவ், நாற்பதே ஆண்டுகளில் தாயை விழுங்கும் பிள்ளையாக வளரும் என்று அன்று யாரும் எண்ணியிருக்க மாட்டார்கள்.

இவ்வளவு செல்வமும் எங்கிருந்து வந்தது? ஆரஞ்சிலிருந்து. தடித்த தோலும் நீண்ட உருவமும் கொண்ட ஷாமூத்தி வகை ஆரஞ்சு, நெடுங்கடற்பயணத்தையும் அழுகாமல் தாங்கியது. யாஃபாவில் ஆழ்துறை இல்லை. கப்பல்கள் தொலைவில் நங்கூரமிட, பழப்பெட்டிகளையும் பயணிகளையும் படகோட்டிகளே பாறைகளுக்கு இடையே கொண்டு சேர்த்தனர். தோட்டங்கள் அராபியரிடமும் இருந்தன, யூதரிடமும் இருந்தன. 1892இல் யாஃபாவை எருசலேமோடு இணைக்கும் இருப்புப்பாதை வந்தது.

இங்கே நமக்கு ஓர் உறவு உண்டு. ஆரஞ்சு என்ற சொல்லின் வேர் திராவிடம் என்பது மொழியறிஞர் பலர் கருத்து. நம் நாரத்தையோடு உறவுடைய அச்சொல் வடமொழியில் நாரங்கமாகி, பாரசீகம் வழியாக அரபியில் நாரஞ்சாகி, ஐரோப்பாவை அடைந்தது. ஆனால் யாஃபாவின் அராபியர் இனிப்பு ஆரஞ்சை அப்பெயரால் அழைப்பதில்லை; போர்ச்சுக்கல் நாட்டின் பெயரால் 'புர்துகால்' என்பர். எபிரேயத்தில் அது 'தப்பூஸ்'. 'பொன் ஆப்பிள்' என்பதன் சுருக்கம். ஒரே தோட்டத்து ஒரே பழத்துக்கு இரு பெயர்கள். ஒருவர் சொல்லை மற்றவர் அறிந்திருந்த காலமும் இருந்தது. அறியத் தவறியதற்காக வருந்திய எழுத்தாளரும் இருந்தார்.

அரபி கற்காத எழுத்தாளர்

பின்னாளில் 1966ஆம் ஆண்டின் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட எஸ்.ஒய். அக்னோன், 1908இல் யாஃபாவில்தான் வந்திறங்கினார். அவ்வாண்டுகளின் யாஃபாவே அவரது பெருநாவல் ஒன்றின் களம். மூன்றாண்டுகள் கழித்து, 1911இல், ஈஸா அல்-ஈஸா 'ஃபலஸ்தீன்' என்ற அரபு இதழை அதே நகரில் தொடங்கினார். நவீன எபிரேய இலக்கியமும் நவீன அரபு இதழியலும் கூப்பிடு தூரத்தில் வளர்ந்தன எனலாம். ஆயினும் ஒன்றின் வாசகர் மற்றதை வாசிக்கவில்லை.

யோசேஃப் ஹாயிம் பிரென்னர் நவீன எபிரேய உரைநடையின் முன்னோடிகளுள் ஒருவர். பழத்தோட்டங்கள் சூழ்ந்த அபு கபீர் பகுதியில் வசித்தவர். தம் இறுதி நாட்களில் எழுதிய சிறு குறிப்பொன்றில், தோட்டத்தில் சந்தித்த அரபுத் தொழிலாளச் சிறுவனைப் பற்றிச் சொல்கிறார். அவனோடு மனம்விட்டுப் பேச இயலவில்லை. இத்தனை ஆண்டுகள் இம்மண்ணில் வாழ்ந்தும் அரபி கற்காமற் போனேனே என்று தம்மையே நொந்துகொள்கிறார். அக்குறிப்பு வெளிவந்த காலத்தை ஒட்டி, 1921 மே 2ஆம் நாள், யாஃபா கலவரத்தில் அவரும் அவரோடிருந்தோரும் கொல்லப்பட்டனர். மே நாள் ஊர்வலத்தில் இரு யூதத் தொழிலாளர் அணிகளிடையே மூண்ட மோதலில் தொடங்கி, யூதர்மீதான தாக்குதலாக மாறிய கலவரம் அது. மாண்டோர் யூதர் 47 பேர், அராபியர் 48 பேர். அராபியருள் பெரும்பாலோர் பிரிட்டிஷ் படையின் துப்பாக்கிச் சூட்டில் இறந்தவர்கள்.

ஆகவே, 1948க்கு முந்தைய யாஃபாவை ஒரு பொற்காலமாகக் காட்டுவது வரலாற்றுக்குச் செய்யும் நேர்மையன்று. 1936 ஏப்ரலில் மீண்டும் கலவரம். தொடர்ந்து அராபியரின் நெடிய பொதுவேலைநிறுத்தம். துறைமுகம் மூடப்பட, டெல் அவீவ் தனக்கென ஒரு துறையைக் கட்டிக்கொண்டது. ஜூன் மாதம் பிரிட்டிஷ் அரசு, பழைய நகரின் குறுகிய சந்துகளில் படை புக வழியில்லை என்று நூற்றுக்கணக்கான வீடுகளை வெடிவைத்துத் தகர்த்தது. ஆயினும் ஒன்றைச் சொல்ல வேண்டும். அக்காலம்வரை இரு சாராரும் அண்டை அயலாக வாழ்ந்தது தத்தம் விருப்பத்தாலும் பிழைப்பின் தேவையாலும். எந்த அரசும் இருவரையும் ஒரு வீட்டுக்குள் அடைக்கவில்லை.

முட்கம்பி

1947 நவம்பர் 29 அன்று ஐக்கிய நாடுகள் அவை ஏற்ற பிரிவினைத் திட்டத்தில், யாஃபா யூத நாட்டின் நடுவே ஓர் அரபுத் தீவாக ஒதுக்கப்பட்டது. நகரில் அப்போது சற்றேறக்குறைய 70,000 அராபியர் இருந்தனர். டெல் அவீவ் எல்லையில் இரு பக்கமும் துப்பாக்கிகள் ஓயவில்லை. 1948 ஏப்ரல் 25 அன்று இர்குன் படை வடக்கிலிருந்த மன்ஷிய்யா பகுதியைத் தாக்கியது. நகரின்மேல் பீரங்கிக் குண்டுகள் பொழிந்தன. மக்கள் வண்டிகளிலும் படகுகளிலும் வெளியேறினர். காசாவுக்கும் லெபனானுக்கும் சென்ற படகுகளில் ஏறியவர்கள், சில வாரங்களில் திரும்பிவிடலாம் என்று கதவைப் பூட்டிச் சாவியை எடுத்துச் சென்றனர். மே 13 அன்று யாஃபா சரணடைந்தது.

எஞ்சியோர் நான்காயிரத்துக்கும் குறைவு. அவர்களில் அஜமிவாசிகள் மட்டுமல்லர்; நகரின் பல பகுதிகளிலிருந்தும் சுற்றுவட்டச் சிற்றூர்களிலிருந்தும் வந்தோரும் இருந்தனர். அனைவரையும் அஜமிக்குள் திரட்டி, சுற்றிலும் முட்கம்பி வேலியிட்டு, இராணுவ ஆட்சியின்கீழ் வைத்தனர். வெளியே செல்ல அனுமதிச் சீட்டு வேண்டும். 1949 நடுப்பகுதிவரை இந்நிலை நீடித்தது. செல்வர் குடியிருந்த கடலோர மாளிகைகளில், ஒருவரை ஒருவர் அறியாத ஏதிலிகள் நிறைந்தனர். இன்றைய அஜமியின் அரபுச் சமூகம் இந்த வேலிக்குள் உருவானதே.

ஒரே அடுக்களை

அதே மாதங்களில் எதிர்த்திசையிலிருந்து வேறு ஏதிலிகள் வந்தனர். ஐரோப்பாவின் பேரழிவில் தப்பியோர். வட ஆப்பிரிக்காவிலிருந்து வந்தோர். எல்லாருக்கும் மேலாகப் பல்கேரிய யூதர். பல்கேரியாவில் வாழ்ந்த ஏறத்தாழ 50,000 யூதரை 1943இல் நாஜி முகாம்களுக்கு அனுப்பும் திட்டம், அந்நாட்டு மக்கள், திருச்சபை, அரசியலர் சிலரின் எதிர்ப்பால் தடுக்கப்பட்டது. போருக்குப் பின் அவர்களில் மிகப் பெரும்பாலோர் புதிய இஸ்ரேலுக்கு வந்தனர். கணிசமானோர் யாஃபாவில் குடியமர்த்தப்பட்டனர். லடினோ என்னும் பழைய ஸ்பானிய யூதமொழி யாஃபாத் தெருக்களில் ஒலித்தது. 1949இல் அவர்கள் தொடங்கிய மக்காபி யாஃபா கால்பந்துக் குழு ஊரின் பெருமையாயிற்று.

வீடுகளுக்குக் கடும் பஞ்சம். எனவே அஜமியின் பெரிய வீடுகள் அறை அறையாகப் பங்கிடப்பட்டன. ஓர் அறையில் ஓர் அரபுக் குடும்பம்; அடுத்த அறையில் ஒரு யூதக் குடும்பம்; அடுக்களையும் கழிப்பறையும் பொது. நான் வகுப்பில் சொன்ன 'சேர்ந்து வாழ்தல்' மிக நேரடியான பொருளில் நிகழ்ந்தது இங்கேதான். ஒரே கூடத்தில் இரு தாய்மார், இரு மொழிகளில் குழந்தைகளை அதட்டியபடி, ஒரு குழாயடியில் முறைவைத்துத் தண்ணீர் பிடித்திருப்பர். சண்டை இருந்தது. நட்பும் இருந்தது, அண்டை வீட்டுக் குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் எந்தத் தாயும் முதலில் இனம் கேட்பதில்லை. ஆனால் இந்த ஏற்பாட்டை அவர்களில் யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. ஒருவர் தம் நாட்டிலேயே வீடிழந்தவர். மற்றவர் பிறந்த நாட்டையே துறந்து வந்தவர். அந்த வீட்டைக் கட்டியவரோ மூன்றாம் நாட்டில் கூடாரத்தில் இருந்தார்.

இருந்தும் இல்லாதோர்

1950ஆம் ஆண்டின் 'இல்லாதோர் சொத்துச் சட்டம்', வெளியேறியவர்களின் வீடு, நிலம் அனைத்தையும் அரசுப் பாதுகாவலரிடம் சேர்த்தது. நாட்டைவிட்டுச் சென்றவர்கள் மட்டும் அதில் சிக்கவில்லை. நாட்டுக்குள்ளேயே, சில தெருக்கள் தள்ளி அஜமியில் அடைக்கப்பட்டிருந்த பலரும், தம் பழைய வீட்டைப் பொறுத்தவரை 'இல்லாதவர்' ஆயினர். 'இருந்தும் இல்லாதோர்' என்ற விந்தையான சொற்றொடர் இவ்வாறு வழக்கில் வந்தது. கவிஞன் எழுதியிருந்தால் முரண்தொடை நயம் என்று பாராட்டியிருப்போம். எழுதியது சட்டம்.

அதே ஆண்டில் யாஃபா தன் தனி நகராட்சியை இழந்து டெல் அவீவோடு இணைக்கப்பட்டது. அரபுத் தெருப்பெயர்கள் அகற்றப்பட்டு வெறும் எண்கள் இடப்பட்டன. பின்னர் பல தெருக்களுக்கு எபிரேயப் பெயர்கள் வந்தன. அரசுடைமையான வீடுகளை அமிதார் என்ற அரசு நிறுவனம் நிர்வகித்தது. 'சாவிப் பணம்' கட்டிப் பாதுகாக்கப்பட்ட குத்தகைதாரராகக் குடியிருக்கலாம், உரிமையாளராக முடியாது. அந்தக் குத்தகை உரிமையும் தலைமுறைதோறும் தானே தொடர்வதன்று.

யூதக் குடும்பங்கள் மெல்ல மெல்லப் புதிய அடுக்ககங்களுக்கும் அண்டை நகரான பாட் யாமுக்கும் பெயர்ந்தன. அஜமியை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவதே நகராட்சியின் எண்ணமாக இருந்தது. எனவே பல ஆண்டுகள் கட்டட அனுமதி வழங்கப்படவில்லை. காலியான வீடுகள் இடிக்கப்பட்டன. இடிபாடுகள் கடலோரத்தில் கொட்டப்பட்டன. நகரின் கட்டடக் கழிவும் அங்கேயே வந்து சேர, அஜமிக்கும் கடலுக்கும் நடுவே ஒரு குப்பைமலை எழுந்தது. வறுமையும் போதைப்பொருளும் குடிபுகுந்தன. 1979இல் யாஃபா அராபியர் தமக்கென 'ராபிதா' என்ற சங்கத்தை அமைத்து, வீட்டுரிமைக்காகவும் கல்விக்காகவும் போராடத் தொடங்கினர். அவர்களோடு யூதர் சிலரும் நின்றனர் என்பதை மறக்கலாகாது.

கடல் தெரியும் சாளரம்

1980களின் பிற்பகுதியிலிருந்து காற்று திசைமாறியது. வெறுத்து ஒதுக்கப்பட்ட பழைய வீடுகளின் வளைவுச் சாளரங்களும் ஓட்டுத் தரையும் திடீரென விலைமதிப்புப் பெற்றன. டெல் அவீவின் செல்வர்களும் கலைஞர்களும் வெளிநாட்டவரும் வாங்க வந்தனர். சுற்றுச்சுவரும் காவலும் கொண்ட சொகுசு வளாகம் எழுந்தது. குப்பைமலை அகற்றப்பட்டு, 2010இல் அழகிய கடலோரப் பூங்காவாயிற்று. பூங்கா எல்லாருக்கும் நல்லதுதான். ஆனால் பூங்கா வந்ததும் வாடகையும் வந்தது.

2007இல் ஏறத்தாழ ஐந்நூறு குடும்பங்களுக்கு அமிதாரின் வெளியேற்ற அறிவிப்புகளும் இடிப்பு எச்சரிக்கைகளும் சென்றன. அனுமதியின்றிக் கட்டினர், குத்தகை உரிமையின்றிக் குடியிருக்கின்றனர் என்பன காரணங்கள். இக்குற்றச்சாட்டின் உட்பொருளை நாம் கவனிக்க வேண்டும். குடும்பம் பெருகுகிறது, கூடுதல் அறை கட்ட அனுமதி கிடைப்பதில்லை, அனுமதியின்றிக் கட்டினால் அதுவே வெளியேற்றக் காரணமாகிறது. சட்டத்தின் ஒவ்வொரு படியும் ஒழுங்காக இருக்கிறது. படிகளின் முடிவில் ஒரு குடும்பம் தெருவில் நிற்கிறது.

2009இல் வெளிவந்த 'அஜமி' திரைப்படத்தை நம் வாசகர் சிலர் பார்த்திருக்கக்கூடும். யாஃபாவில் பிறந்த அராபியர் ஸ்கந்தர் கொப்தியும் யூதர் யரோன் ஷானியும் இணைந்து இயக்கியது. நடித்தோர் தொழில்முறை நடிகர் அல்லர்; பெரும்பாலோர் அப்பகுதி மக்களே. இஸ்ரேல் ஆஸ்கருக்கு அனுப்பிய படங்களில் பெரும்பகுதி அரபியில் பேசிய முதற்படம் அதுவே. 2010இல் அது பரிந்துரைப் பட்டியலில் இடம்பெற்றது. பிரென்னர் வருந்திய மொழித்தடையை இருவர் சேர்ந்து கடந்த அரிய நிகழ்வு என்று அதனைக் கொள்ளலாம்.

அடையாளம் தெரியாத வீடு

ஆனால் வரலாறு அங்கே சுபமாக முடியவில்லை. 2021 ஏப்ரலில், அமிதார் வசமிருந்த மனையொன்றைப் பார்க்க வந்த யூத மதப்பள்ளித் தலைவர் அஜமியில் தாக்கப்பட்டார். மே மாதம், காசாவில் போர் மூண்டபோது, கலப்பு நகரங்கள் பலவும் எரிந்தன. யாஃபாவில் ஒரு யூதப் படைவீரர் கடுமையாகத் தாக்கப்பட்டார். அண்டையிலுள்ள பாட் யாமில் ஓர் அராபியர் கும்பலால் அடித்து வீழ்த்தப்பட்டார். அஜமியில் ஓர் அரபு வீட்டின்மேல் தீக்குண்டு வீசப்பட்டு, பன்னிரண்டு வயதுச் சிறுவன் பலத்த தீக்காயமுற்றான். யூதத் தீவிரவாதியர் செயல் என்றே முதலில் பலரும் நம்பினர். விசாரணையில் கைதானவர்கள் அராபிய இளைஞர்கள். யூதர் வீடு என்று எண்ணியே அதனை வீசினர் என்றது குற்றப்பத்திரிகை.

இச்செய்தியைப் படித்தபோதுதான் என் மாணவியின் கேள்வி முழு எடையோடு திரும்பி வந்தது. அந்த வீடு யாருடையது? எறிந்தவர்களுக்கே தெரியவில்லை. முக்கால் நூற்றாண்டாக ஒரே தெருவில், ஒரே கல்லால் ஆன வீடுகளில், மாறி மாறிக் குடியிருந்த மக்கள். எது யாருடைய வீடு என்று வெளிச்சுவர் சொல்லாது.

2023 அக்டோபர் 7 தாக்குதலும் அதன்பின் காசாவில் நிகழ்ந்த பேரழிவும் அஜமியை மீண்டும் அச்சத்தில் ஆழ்த்தின. 1948இல் படகேறியோரின் வழித்தோன்றல்கள் காசாவில் உள்ளனர்; எனவே அஜமியின் பல வீடுகளுக்கு அந்தப் போர் உறவினரின் மரணச் செய்தியாக வந்தது. 2021 திரும்பிவிடக் கூடாதென்று, யூதரும் அராபியரும் இணைந்து யாஃபாவில் குடிமக்கள் காவல் குழு ஒன்றை அமைத்தனர். 2024 அக்டோபர் 1 அன்று யாஃபாவின் இலகு ரயில் நிறுத்தத்தில் ஹெப்ரோனிலிருந்து வந்த இருவர் நடத்திய தாக்குதலில் ஏழு பேர் மாண்டனர். அத்தகைய நாட்களுக்குப் பிறகும் மறுநாள் காலையில் அதே கடையில் ரொட்டி வாங்கத்தான் வேண்டியிருக்கிறது. சேர்ந்து வாழ்தல் என்பதன் கடினமான பகுதி அந்த மறுநாள்தான்.

நெய்தல் நிலத்துக்கு இரங்கலை உரிப்பொருளாக்கினர் நம் முன்னோர். கடற்கரையில் நின்று, சென்றவர் திரும்பாததை எண்ணுவது. யாஃபாவின் கரையில் இன்றும் அலைகள் பழைய தரையோடுகளின் துண்டுகளைக் கொண்டுவந்து போடுகின்றன. இடிக்கப்பட்ட வீடுகளின் எச்சம் அவை.

அந்த மாணவி படிப்பை முடித்துப் போய்விட்டாள். இன்று கேட்டிருந்தால் இப்படிச் சொல்லியிருப்பேன்: "அந்த வீடு இடிக்கப்படாமல் இருந்தால், அம்மா, சட்டப்படி அது அரசிடம் போயிற்று. பிறகு சோஃபியாவிலிருந்து வந்த ஒரு யூதக் குடும்பம் அதில் பிள்ளை பெற்றிருக்கும். அடுத்த அறையில், வேறெங்கோ வீடிழந்த ஓர் அரபுக் குடும்பமும் பிள்ளை பெற்றிருக்கும். அந்தப் பேரப்பிள்ளைகள் இன்று வெளியேற்ற அறிவிப்புக்கு அஞ்சியிருக்கலாம். அல்லது வீடு பல மடங்கு விலைக்குக் கைமாறியிருக்கலாம். கட்டியவரின் பேரன் எங்கோ ஒரு முகாமில் சாவியை வைத்திருக்கலாம். இவர்களில் ஒருவரையும் விட்டுவிடாமல் சொன்னால்தான் உன் கேள்விக்கு விடை."

வருகைப் பதிவேட்டை எடுப்பதற்கு முன்பு இவ்வளவையும் சொல்ல நேரம் இருந்திராது. ஆனால், 'சேர்ந்து வாழ்கிறார்கள்' என்று மட்டும் சொல்லாமல் இருந்திருக்கலாம்.